புகையில் எஞ்சிய பிராணவாயு



கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் அனுபவசாலி, சமையற்கட்டுக்குள் போய் எத்தனை படி அரிசி உலையில் விழுந்தது என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். பந்தி எழுந்தபின் இலைகளை ஒரு முறை பார்ப்பார். சோறு மிஞ்சிக் கிடந்தால் பரிமாறியது அதிகம். இலைகள் துடைத்தாற்போல் இருந்து, எழுந்து போகிறவர் முகமும் வாடியிருந்தால் பரிமாறியது குறைவு. மிச்சத்தைப் பார்த்து அளவை அறியும் முறை இது.

இன்றைய மோட்டார் காரின் புகைக் குழாயில், கட்டை விரல் பருமனில் திருகிப் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு சிறு கருவி இந்த வேலையைத்தான் செய்கிறது. எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போயிற்று என்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு காற்று போயிற்று என்பதும் தெரியாது. எரிந்து வெளிவரும் புகையில் பிராணவாயு எஞ்சியிருக்கிறதா, இல்லையா என்ற ஒன்றை மட்டுமே அது அறியும். அரசாங்க மொழிபெயர்ப்புகளில் இதனை ‘ஆக்சிஜன் உணரி’ என்று எழுதுகிறோம். தில்லிக் கரோல்பாகின் பட்டறைகளில் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ‘ஓ டூ சென்சார்’ என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். நானும் இந்தப் பேச்சில் உணரி என்றும் சென்சார் என்றும் மாற்றி மாற்றிச் சொல்லப்போகிறேன். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

இத்தனை சிறிய பொருளைப் பற்றி ஒரு தனிப்பேச்சு தேவையா என்று கேட்கலாம். தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நாம் தெருவில் சுவாசிக்கும் காற்றில் இதன் பங்கு சிறிதன்று. இது கெட்டுவிட்டது என்று சொல்லி நம்மிடம் பட்டறைகளில் வாங்கப்படும் பணமும் சிறிதன்று. இரண்டிற்கும் காரணம், இக்கருவி என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை என்பது பலருக்குத் தெரியாமலிருப்பதேயாகும்.

முதலில் எரியும் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் மீதமின்றி எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றை எடையால் சொன்னால் மனத்தில் பதிவதில்லை. கன அளவில் சொல்கிறேன். நாம் ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்கும்போது சுமார் 9,000 லிட்டர் காற்றையும் சேர்த்துச் செலவழிக்கிறோம். பெட்ரோலுக்குத்தான் விலை, காற்று இலவசம். ஆகவே இரண்டாவது கணக்கை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

இந்த விகிதத்தில் பெட்ரோல் கூடினால் பிராணவாயு போதாமல் எரிதல் அரைகுறையாக நிற்கும். அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமும் மணமுமற்ற இந்த வாயு இரத்தத்தில் பிராணவாயு உட்காரவேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும் கொடியது. எரியாத பெட்ரோலின் ஆவியும் அதோடு சேர்ந்து வெளிவரும். பெட்ரோல் சற்றுக் குறைந்தாலோ வேறு தீங்கு வருகிறது. எஞ்சினின் கடும் உஷ்ணத்தில், மிஞ்சிய பிராணவாயு காற்றிலுள்ள நைட்ரஜனோடு கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. இவையும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் சேர்ந்தால் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் பிறக்கும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டத்துக்கு இதுவே காரணம் என்று ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன நிபுணர் 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். அதுவரை தொழிற்சாலைகளை மட்டுமே குறை சொல்லிக்கொண்டிருந்த மக்கள், தங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

இந்த மூன்று நஞ்சுகளையும் ஒருங்கே ஒழிக்கப் புகைக் குழாயின் வழியில் ஒரு பெட்டி வைக்கப்படுகிறது. ‘கேட்டலிடிக் கன்வெர்ட்டர்’ என்பது அதன் பெயர். வினையூக்கிப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் கண்ணறைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. பெட்டியின் வேலை தரகர் வேலை என்றே சொல்லலாம். நைட்ரஜன் ஆக்சைடிடம் பிராணவாயு வேண்டாத சுமையாக இருக்கிறது. கார்பன் மோனாக்சைடும் பெட்ரோல் ஆவியும் பிராணவாயு இல்லாமல் தவிக்கின்றன. ஒருவரிடமிருந்து வாங்கி மற்றவரிடம் கொடுத்துவிட்டால் மூவரும் திருந்திவிடுகிறார்கள். நைட்ரஜன், கரியமில வாயு, நீராவி ஆகியவையே மிஞ்சும்.

ஆனால் தரகுக்கு வரவும் செலவும் சரியாக இருந்தாக வேண்டும். புகையில் பிராணவாயு சற்று மிகுந்துவிட்டால், கார்பன் மோனாக்சைடு அந்த மிகுதியை எடுத்துக்கொண்டு போய்விடும். நைட்ரஜன் ஆக்சைடைச் சீந்துவார் இல்லை. பிராணவாயு சற்றுக் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியேறும். மூன்றும் ஒருங்கே அழியும் இடம் மிகக் குறுகியது. சரியான விகிதத்துக்கு இப்புறமும் அப்புறமும் நூற்றுக்கு ஒரு பங்குகூட விலக இடமில்லை. பழைய கார்புரேட்டர் இந்த நுட்பத்துக்கு ஏற்றதன்று. ஜனவரி விடியலில் காற்று கனக்கிறது. ஜூன் நடுப்பகலில் இலேசாகிறது. டேராடூனிலிருந்து மசூரிக்கு ஏறினால் மேலும் இலேசாகிறது. இத்தனைக்கும் ஏற்பப் பெட்ரோலைக் கணத்துக்குக் கணம் கூட்டவும் குறைக்கவும் வேண்டுமானால், முடிவைப் பார்த்துச் செய்தி சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நம் உணரி.

அது எவ்வாறு அறிகிறது என்பதுதான் இந்த விஷயத்தில் மிகச் சுவையான பகுதி. கருவியின் இதயம் ஒரு பீங்கான். சிர்க்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடினால் ஆனது. சிர்க்கோனியத்தின் தாது, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைப்பதை நம்மில் பலர் அறிந்திருக்கக்கூடும். இந்த ஆக்சைடில் சிர்க்கோனியம் அணு ஒன்றுக்குப் பிராணவாயு அணுக்கள் இரண்டு வீதம் இருக்கும். அதனோடு யிட்ரியம் என்ற வேறோர் உலோகத்தின் ஆக்சைடைச் சிறிது கலந்து சுடுகிறார்கள். யிட்ரியத்துக்கு ஒன்றரை அணு வீதமே தேவை. ஆகவே பீங்கானுக்குள் பிராணவாயு இருக்கவேண்டிய இடங்களில் சில காலியாகிவிடுகின்றன.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியின் நீண்ட பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பலகை நிறைந்திருந்தால் யாரும் அசைய முடியாது. ஓர் இடம் காலியானால் பக்கத்திலிருப்பவர் நகர்வார். அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் நகர்வார். கடைசியில் நின்றுகொண்டிருக்கும் ஒருவர் மறுமுனையில் உட்கார்ந்துவிடுவார். சூடேறிய சிர்க்கோனியப் பீங்கானில் பிராணவாயு இப்படித்தான் நகர்கிறது. நகரும்போது அது வெறும் அணுவாக நகர்வதில்லை. மின்சுமை தாங்கிய அயனியாக நகர்கிறது. அதனால்தான் மின்சாரம் பிறக்கிறது.

பீங்கான் ஒரு பக்கம் மூடிய விரலுறை போன்ற வடிவில் இருக்கும். அதன் வெளிப்புறம் புகையில் நனைந்துகொண்டிருக்கிறது. உட்புறத்தில் வெளிக்காற்று நிற்கிறது. அதில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு உண்டு. பிராணவாயு மிகுந்த உட்புறத்திலிருந்து குறைந்த வெளிப்புறத்துக்கு அயனிகள் போக முயல்கின்றன. இரு பக்கங்களுக்கும் வேற்றுமை எவ்வளவு அதிகமோ அந்த அளவுக்கு மின்னழுத்தம் கூடும். புகையில் பிராணவாயு மிஞ்சியிருந்தால் உண்டாகும் மின்னழுத்தம் 0.1 வோல்ட் அளவில் நிற்கும். பிராணவாயு தீர்ந்து பெட்ரோல் மிஞ்சியிருந்தால் 0.8 அல்லது 0.9 வோல்ட்டுக்குத் தாவும். இடையில் மெல்ல ஏறுவதில்லை. சரியான விகிதத்தைக் கடக்கும் கணத்தில் படி ஏறுவதுபோல் ஒரே தாவல்.

இந்தத் தாவலுக்குப் பிளாட்டினமே காரணம். எஞ்சினிலிருந்து வரும் புகையில் எரியாத பெட்ரோலும் பயன்படாத பிராணவாயுவும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்தே வரும். பிளாட்டினம் தன் மேற்பரப்பில் அவற்றை எரித்துக் கணக்கை முடித்துவிடுகிறது. முடித்தபின் மிச்சமாக நிற்பது எது என்பதையே பீங்கான் பார்க்கிறது. பெட்ரோல் மிஞ்சும் பக்கத்தில் பிராணவாயு ஏறக்குறைய இல்லையென்றே ஆகிவிடுவதால், உள்ளும் வெளியும் உள்ள வேற்றுமை கற்பனைக்கு எட்டாத அளவுக்குப் பெருகுகிறது.

இந்த மின்னழுத்தத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை 1889-ஆம் ஆண்டிலேயே வகுத்தவர் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய அறிஞர். 1920-ஆம் ஆண்டுக்கான ரசாயன நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. 1897-ல் அவர் ஒரு மின்விளக்கைச் செய்தார். அந்த விளக்கில் ஒளிர்ந்த கோல், சிர்க்கோனியம், யிட்ரியம் ஆக்சைடுகளின் கலவை. நம் உணரியின் பீங்கானும் அதே கலவைதான். குளிர்ந்த நிலையில் அக்கோலில் மின்சாரம் பாயாது. முதலில் சூடாக்கினால்தான் எரியும். கம்பியிழை விளக்குகள் வந்தபின் அவ்விளக்கு மறைந்துபோயிற்று. வீட்டுக்கு வெளிச்சம் தரப் பிறந்த பொருள் எண்பது ஆண்டுகள் கழித்துக் காரின் புகைக் குழாயில் வேலைக்கு அமர்ந்தது. அமெரிக்கா 1970-ல் காற்றுத் தூய்மைச் சட்டத்தைக் கடுமையாக்கியது. அதன் விளைவாக ஜெர்மனியின் பாஷ் கம்பெனி இவ்வுணரியை உருவாக்க, 1976-ல் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் ஸ்வீடனின் வால்வோ கம்பெனி முதன்முதலாகப் பொருத்தியது.

விளக்கின் குணம் உணரியையும் விடவில்லை. 300 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் சூடேறினால்தான் அது பேசும். அதற்குமுன் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், ஏற்கெனவே எழுதிவைத்த குறிப்புப்படி குத்துமதிப்பாகப் பெட்ரோலை ஊற்றுகிறது. புகையின் சூட்டுக்காகக் காத்திராமல் விரைவில் விழித்துக்கொள்வதற்காக இன்றைய உணரிகளுக்குள்ளேயே ஒரு சிறு மின்னடுப்பு வைத்திருக்கிறார்கள். ஆயினும் வினையூக்கிப் பெட்டி சூடேறச் சற்று நேரம் பிடிக்கும். குளிர்கால விடியலில் காரைக் கிளப்பி, ஒரு கிலோமீட்டரில் உள்ள பால் கடைக்குப் போய்த் திரும்புகிறவர், அந்தப் பயணம் முழுவதையும் பெட்டி உறங்கும்போதே முடித்துவிடுகிறார். தில்லிப் பனிக்காலக் காற்றுக்குப் பயிர்த்தாள் புகை, புழுதி, டீசல் லாரிகள் என்று காரணங்கள் பல. பெட்ரோல் கார்தான் முதற்குற்றவாளி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பால் கடைக்கு நடந்து போகலாம்.

சூடேறியபின் நடப்பது ஓர் ஓயாத உரையாடல். உணரி 0.9 என்றால் பெட்ரோல் அதிகம் என்று கம்ப்யூட்டர் சிறிது குறைக்கும். குறைத்ததும் உணரி 0.1 என்னும், உடனே சிறிது கூட்டும். வினாடிக்கு ஒன்றிரண்டு முறை இந்த ஊசலாட்டம் நடக்கிறது. சரியான விகிதத்தில் எஞ்சின் ஒருபோதும் நின்றுவிடுவதில்லை. அதைக் கடந்து கடந்து போய்க்கொண்டிருப்பதன் சராசரியே சரியான விகிதம். இந்தச் சிறு ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ள வினையூக்கிப் பெட்டியில் சீரியம் ஆக்சைடு சேர்த்திருக்கிறார்கள். மிஞ்சும்போது பிராணவாயுவைச் சேமித்து, குறையும்போது அது திருப்பித் தரும். பெரும்பாலான கார்களில் பெட்டிக்குப் பின்னாலும் ஓர் உணரி உண்டு. பெட்டி நல்ல நிலையில் இருந்தால் பின் உணரியின் அளவு அமைதியாக நிற்கும். முன்னது ஆடும் ஆட்டத்தைப் பின்னதும் ஆடத் தொடங்கினால் பெட்டி செத்துவிட்டது என்று பொருள். ஓட்டுநர் முன்னே எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியும். சில கார்களில், மிச்சம் எவ்வளவு என்பதையும் அளந்து சொல்லும் விரிவான வகை உணரி வந்துவிட்டது. எப்போதும் காற்று மிகுதியில் ஓடும் டீசல் எஞ்சினுக்கும் அவ்வகையே பொருந்தும்.

அந்த மஞ்சள் விளக்கில்தான் நம் பணம் கரைகிறது. தில்லியில் என் நண்பர் ஒருவரின் காரில் அவ்விளக்கு எரிந்தது. பட்டறையில் கம்பி மாட்டிப் பார்த்து, ‘பிராணவாயு அதிகம் என்று சென்சார் காட்டுகிறது’ என்றார்கள், சென்சாரையே மாற்றினார்கள். சில ஆயிரம் ரூபாய் ஆயிற்று. இரண்டு வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. போட்ட சென்சார் சரியில்லை என்று இன்னொன்று போட்டார்கள். பெட்ரோல் செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் தெருமுனையில் கடை வைத்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார். சென்சாருக்கு முன்னால், குழாயின் இணைப்பில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. புகை விட்டுவிட்டுத் துடித்து வருவதால், இரு துடிப்புகளுக்கிடையே அந்த வெடிப்பு வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. “சென்சார் சரியாகத்தான் சொல்கிறது, சாஹிப். இரண்டு சென்சாரும் நல்ல சென்சார்தான்” என்றாராம் அவர். குழாயில் பிராணவாயு இருந்தது உண்மை. அது எஞ்சினிலிருந்து வந்ததன்று என்பதை அறிய உணரிக்கு வழியில்லை. கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலை மேலும் மேலும் ஊற்றியது. தீப்பொறிக் கட்டை ஒன்று வேலை செய்யாமற்போனாலும் இதே செய்தி வரும்; எரியாத பிராணவாயு அப்படியே வெளியேறுகிறதன்றோ? ஆகவே பிராணவாயு அதிகம் என்று உணரி சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்கவேண்டும். உணரியை மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

உணரி கெடுவதே இல்லை என்று சொல்லவரவில்லை. அதன் முதற்பகை ஈயம். பெட்ரோலில் கலந்த ஈயம் பிளாட்டினத்தின்மீது படிந்து அதை மூடிவிடும். அதனால்தான் வினையூக்கிப் பெட்டியும் ஈயமற்ற பெட்ரோலும் இரட்டையராக வந்தன. நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அப்பெட்டி கட்டாயமாயிற்று. ஈயமற்ற பெட்ரோலும் அங்கே கிடைக்கத் தொடங்கிற்று. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் நீங்கியது. காருக்காகச் செய்த இந்த ஏற்பாட்டால் குழந்தைகளின் இரத்தத்தில் சேரும் ஈயமும் குறைந்தது. எனக்கு அதுவே பெரிய இலாபமாகப் படுகிறது. இன்று மிஞ்சியிருக்கும் பகைவர்கள் எஞ்சினுக்குள் கசிந்து எரியும் எண்ணெயும், பட்டறைகளில் இடைவெளி அடைக்கப் பூசும் சிலிக்கோன் பசையும்தாம். சென்சாருக்கு ஏற்றதென்று குறித்த பசையையே பூசச் சொல்லுங்கள்.

விளக்கு எரிவது தொல்லையென்று சில பட்டறைகளில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். பின் உணரியை ஒரு சிறு குழாய்த் துண்டின்மேல் ஏற்றிப் புகையிலிருந்து விலக்கி வைத்துவிடுவார்கள். அதன் அளவு அமைதியாகிவிடும், விளக்கு அணைந்துவிடும். பெட்டி செத்திருந்தாலும், உலோகங்களின் விலைக்காக அதைக் கழற்றி விற்றே விட்டிருந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. வண்டி வழக்கம்போல் ஓடும். பின்னால் சைக்கிளில் வருகிறவருக்குத்தான் வேறுபாடு.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும்கூட இந்த உணரி புகுந்துவிட்டது. இப்போது இதற்குப் புதியதொரு வேலை. 2023 முதல் நம் நாட்டில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருக்கிறது. எத்தனால் தன்னுள்ளேயே பிராணவாயுவைத் தாங்கியிருப்பது. ஒரு கிலோ எத்தனால் எரிய ஏறத்தாழ 9 கிலோ காற்றே போதும். எனவே பழைய கணக்கில் ஊற்றினால் புகையில் பிராணவாயு மிஞ்சும். உணரி அதைக் கண்டு சொல்ல, கம்ப்யூட்டர் எரிபொருளைச் சற்றுக் கூட்டிச் சரிசெய்துகொள்கிறது. அவ்வாறு கூட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. உணரியே இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதியும் கிடையாது. குழாய்களும் ரப்பர் வளையங்களும் எத்தனாலைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு உணரியிடம் பதிலில்லை. பிரேஸில் நாட்டில் 2003 முதல் பெட்ரோலையும் எத்தனாலையும் எந்த அளவில் கலந்து ஊற்றினாலும் ஓடும் கார்கள் விற்பனையாகின்றன. தொட்டியில் என்ன ஊற்றினார்கள் என்று அந்தக் கார்களுக்கு யாரும் சொல்வதில்லை. பெரும்பாலானவற்றில் அதை அளக்கத் தனிக் கருவியும் இல்லை. புகையில் எஞ்சிய பிராணவாயுவைக் கொண்டே எத்தனால் எத்தனை பங்கு என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டுக்கொள்கிறது.